வாசகர் கேள்வி – பதில்: பள்ளத்தூரில் வளர்ந்த ஆச்சி

அக்டோபர் 10 ஆச்சி மனோரமாவின் நினைவு நாள். 2015-ஆம் ஆண்டு அந்நாளில் அவர் தமது 78-ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவர் சிறுமியாக வளர்ந்த பள்ளத்தூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

தேவகோட்டை வாசகி: ஆச்சி இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று என் தாயார் உலை வைக்கவில்லை. இன்றும் அந்த நாள் வந்தால் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத நடிகைக்காக இப்படி அழுவது பைத்தியக்காரத்தனம் என்று என் அண்ணன் கேலி செய்கிறார். அண்ணன் சொல்வது சரிதானா?

சரியில்லை. உங்கள் அண்ணன் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதால், நேரில் பார்த்திராத நடிகருக்காக ஊரே அழுததை அவரும் பார்த்திருப்பார், அல்லது கேள்விப்பட்டிருப்பார். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோது ஊர் ஊராக ஆண்கள் மொட்டையடித்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2001 ஜூலை 21 அன்று சிவாஜி கணேசன் மறைந்தபோதும், 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தபோதும் சென்னையில் திரண்ட கூட்டத்தில் பெரும்பாலோர் அவர்களுடன் ஒரு வார்த்தை பேசியிராதவர்கள்தாம். ஆண்கள் கூடி அழுதால் அதற்கு ரசிகர் மன்றம் என்று ஒரு பெயரும், பெயர்ப் பலகையும், தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பொறுப்புகளும் கிடைத்துவிடுகின்றன. அடுப்படியில் நின்றபடி ஒரு பெண் அழுதால் அதற்குப் பைத்தியக்காரத்தனம் என்ற பெயர்தான் கிடைக்கிறது. உங்கள் அண்ணனின் கேலிக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அதை விசுவாசம் என்று புகழ்ந்து எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளில் ஒரு காலத்தில் இருந்தது, அது புகழத்தக்கதன்று. அந்தக் குடும்பங்கள் பிறகு பட்ட பாட்டை யாரும் எழுதவில்லை.

இனி உங்கள் தாயாரைப் பற்றி. கதாநாயகரை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அவரைப் போல வாழ முடியாது என்பது தெரிந்துதான் அவரைக் கொண்டாடுகிறோம். மனோரமாவை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் திரையில் வேலைக்காரியாக, மாமியாராக, மகனிடம் வசைபடும் தாயாக, வாய் ஓயாத பக்கத்து வீட்டுக்காரியாக வந்தார். வீட்டுக்குள் என்னென்ன உறவுகள் உண்டோ அத்தனையாகவும் வந்தார். உங்கள் தாயார் திருமணமாகி வந்த காலத்திலிருந்து பேத்தி எடுத்த காலம்வரை, முதலில் கொட்டகையிலும் பிறகு வீட்டுத் தொலைக்காட்சியிலுமாக, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரோடு சேர்ந்து அந்த முகத்துக்கும் வயது ஏறியிருக்கிறது. அப்படிப்பட்டவரை முன்பின் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. அடுத்த அக்டோபரில் அவரைச் சமாதானப்படுத்த முயலாமல், ஆச்சி நடித்ததில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் பேசாமலிருப்பதற்கு, இதுவரை யாரும் அப்படிக் கேட்காததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்டனூர் வாசகர்: ஆச்சி பள்ளத்தூரில் பிறந்தவர் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். மன்னார்குடிக்காரர்கள் தங்கள் ஊர் என்கிறார்கள். எது உண்மை?

பிறந்தது மன்னார்குடியில், 1937 மே 26 அன்று. பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையை விட்டுப் பிரிய நேர்ந்த தாயார், குழந்தையோடு பிழைப்புத் தேடிப் பள்ளத்தூருக்கு வந்தார். அங்கே வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். ஆகவே பிறந்த பெருமை அவர்களுக்கு, வளர்த்த பெருமை உங்களுக்கு. ஆச்சி என்ற அழைப்பு செட்டிநாட்டிலிருந்து அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் எந்த ஊருக்கும் தகராறு இல்லை.

காரைக்குடி வாசகர்: ஆச்சி 1,500 படங்களில் நடித்தவர் என்று நானும், 1,000 படங்கள்தாம் என்று என் நண்பரும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு படங்களில் நடித்தவருக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜிக்கு இருப்பதுபோல் தெருவுக்குத் தெரு மன்றங்கள் ஏன் இல்லை?

ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர் என்று 1985-இல் அவர் பெயர் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் நடித்துக்கொண்டிருந்தார். ஆகவே நீங்கள் இருவரும் தோற்கவில்லை. ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஆச்சிக்கு நாம் செய்யும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நினைவஞ்சலிக் கட்டுரைகள் எல்லாம் இந்த எண்ணில் தொடங்கி, அவர் ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்ற தகவலுக்குப் போய், பத்மஸ்ரீ விருதில் முடிந்துவிடுகின்றன. அண்ணாவுடனும் கலைஞருடனும் நாடக மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் ஆகியோருடன் திரையில் அவர் நடித்தது உண்மை. 2002-இல் பத்மஸ்ரீ பெற்றதும் உண்மை. என்றாலும் இவை அவரைச் சுற்றி நடந்தவை. அவர் என்ன செய்தார் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

மன்றம் ஏன் இல்லை என்ற கேள்வி இதைவிட நல்ல கேள்வி. நம் ஊர் ரசிகர் மன்றம் பெரும்பாலும் இளைஞர்களின் அமைப்பு. முதல் நாள் முதல் காட்சிக்குக் கூடுவதும், தோரணம் கட்டுவதும், எதிர் நடிகரின் மன்றத்தோடு மோதுவதும் அதன் வேலைகள். பல மன்றங்களுக்குக் கட்சிக் கிளைகளாக மாறும் ஆசையும் இருந்தது. துணை நடிகைக்கு முதல் நாள் கிடையாது, எதிரணியும் கிடையாது. எந்தக் கதாநாயகரின் படமாக இருந்தாலும் அதில் ஆச்சி இருந்தார் என்பதால், எம்.ஜி.ஆர். மன்றத்தாருக்கும் சிவாஜி மன்றத்தாருக்கும் அவர் பொதுவானவராக இருந்தார். பொதுவானவர்களுக்கு நாம் மன்றம் வைப்பதில்லை.

இதில் கண்ணதாசனுக்கும் ஒரு பங்கு உண்டு. சிறுகூடல்பட்டியில் பிறந்த அந்தக் கவிஞர்தாம், தாம் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் 1958-இல் மனோரமாவை நகைச்சுவை வேடத்தில் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்தினார். கதாநாயகியாக வந்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவையில் நின்றால் நெடுங்காலம் நிற்கலாம் என்ற பொருளில் அவர் அறிவுரை கூறியதாக மனோரமாவே பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார், ஆனால் அந்த வழியில் தொடரவில்லை. கவிஞரின் கணக்கு எவ்வளவு சரியாகப் பலித்தது என்பதை நீங்களும் உங்கள் நண்பரும் சண்டையிடும் அந்த எண்ணே காட்டுகிறது. கதாநாயகியாக நின்றிருந்தால் ஒருவேளை மன்றம் கிடைத்திருக்கும். அரை நூற்றாண்டு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கானாடுகாத்தான் வாசகி: என் அப்பத்தா, தான் சிறுமியாக இருந்தபோது மனோரமாவை நாடக மேடையில் பார்த்ததாகச் சொல்கிறார். வயதாகிவிட்டதால் சினிமாவில் பார்த்ததை நேரில் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார் என்று வீட்டில் யாரும் நம்புவதில்லை. அப்படிப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டா?

நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பத்தாவின் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்காமலிருப்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

மனோரமா ஆறாம் வகுப்பு அளவில் படிப்பை நிறுத்த நேர்ந்தது. தாயார் நோயுற்றதால் அவரே பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். பள்ளத்தூருக்கு நாடகம் போட வந்த ஒரு குழுவில், ஒரு வேடத்துக்கு ஏற்பாடு செய்திருந்தவரால் நடிக்க முடியாமல் போகவே, நன்றாகப் பாடும் உள்ளூர்ச் சிறுமி என்று இவரை மேடையேற்றினார்கள். அப்போது அவருக்கு ஏறத்தாழ 12 வயது. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு வைரம் நாடக சபாவில் சிறு வேடங்கள், புதுக்கோட்டையில் எஸ்.எஸ். ராஜேந்திரன் நாடகம் போட வந்தபோது அவருக்கு அறிமுகமாகி, வசனம் பேசிக் காட்டி, அவருடைய குழுவில் சேர்ந்தார். ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களில் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். 1949-ஐ ஒட்டித் தொடங்கிய மேடை வாழ்க்கை 1958-இல் திரைக்கு வரும் வரையிலும், அதற்குப் பின்னும் நீடித்தது. அந்தப் பத்தாண்டுகளில் செட்டிநாட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் இருந்த ஒரு சிறுமி அவரை மேடையில் பார்க்காமலிருந்தால்தான் வியப்பு.

அன்றைய செட்டிநாட்டின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பிறகு, அங்கே கொண்டுவிற்றுச் (கடல்கடந்து தொழில் செய்து) சேர்த்த சொத்துகளை இழந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. வீடுகள் பெரியவையாகவே இருந்தன; வருமானம் முன்போல் இல்லை. ஆனாலும் கோயில் திருவிழாவென்றால் நாடகம் உண்டு, ஆதரிக்கும் வழக்கமும் விட்டுப்போகவில்லை. அதே காலத்தில்தான் ஏவி.எம். ஸ்டுடியோவை நிறுவிய காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக்கொட்டகை போட்டுப் படப்பிடிப்பு நடத்தினார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். பிறகு அந்த ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. சினிமா சில மைல் தொலைவில் இருந்த காலத்தில் பத்து வயதுச் சிறுமியாகப் பள்ளத்தூரில் இருந்தவர், அதற்குள் நுழைய நாடகக் கொட்டகை வழியாகப் பத்தாண்டுக்கு மேல் சுற்றி வர வேண்டியிருந்தது. அந்தச் சுற்று வீண்போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அப்பத்தாவிடம் நாடகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அது நினைவிருக்காது, நினைவில்லை என்றதும் வீட்டார் சிரிப்பார்கள். எந்த ஊர், என்ன திருவிழா, யாருடன் போனார், தரையில் உட்கார்ந்தாரா பாயில் உட்கார்ந்தாரா, பெட்ரோமாக்ஸ் விளக்கா மின்விளக்கா, மேடையில் அந்தப் பெண் பாடினாரா, எந்த மெட்டு என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் கேட்டு முடிக்க நினைக்காமல், அவருக்குச் சொல்லத் தோன்றும்போதெல்லாம் பதிவு செய்யுங்கள். சினிமாவில் பார்த்ததை நேரில் பார்த்ததாகச் சொல்பவர், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லமாட்டார்.

வீட்டுப் பெட்டகங்களில் பழைய நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் ஏதேனும் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி எடைக்குப் போகவிருந்த நூல்களையும், நாடக, சினிமா விளம்பரத் தாள்களையும், அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரத்தைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தது. தமிழ் நாடகத்தைப் பற்றி ஆராய்பவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கதவையும் தூணையும் விலைக்கு வாங்க ஆள் வருகிறார்கள். நோட்டீஸைக் கேட்டு யாரும் வருவதில்லை என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று பொருளாகாது.

புதுவயல் வாசகர்: நாங்கள் சிலர் சேர்ந்து ஆச்சிக்குப் படைப்பு நடத்தலாமா? புதுச் சேலை வைத்து, அவருக்குப் பிடித்த உணவு படைத்து?

படைப்பு என்பது பங்காளிகள் கூடித் தங்கள் வீட்டு முன்னோரை நினைத்துச் செய்வது. ஆச்சிக்குக் குடும்பம் உண்டு. திதி கொடுக்கும் உரிமை அவர்களுக்கு உரியது. ரசிகர்கள் பங்காளியாக முடியாது; முடியுமென்றால் சொத்தில் பங்கு கேட்டும் யாராவது கிளம்பிவிடுவார்கள். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுங்கள், போதும். புதுச் சேலை வாங்கத்தான் வேண்டுமென்று மனம் சொன்னால், உங்கள் ஊரில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வாங்கிக் கொடுங்கள். அவருடைய தாயார் அந்த வேலை செய்தவர்.

குன்றக்குடி வாசகர்: நடிகர்கள் இறந்தால் தொலைக்காட்சிகள் வீட்டு வாசலிலேயே நின்று, அழுகிறவர்களின் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. இது சரியா?

சரியில்லை என்று சொல்லிக்கொண்டே நாம் அதைப் பார்க்கிறோம். நம் மரபில் துக்க வீட்டுக்குப் போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிடுவார். காமிரா அப்படித் திரும்புவதில்லை. மகனும் பேரனும் அழுவதை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதால் இறந்தவருக்கு எந்த மரியாதையும் சேர்ந்துவிடாது. அந்த நேரத்தில் அவர் நடித்த படத்தைப் போடும் அலைவரிசை இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் ஆசிரியை: என் மாணவிகள் ஆச்சியை வெறும் பாட்டி நடிகையாகவே அறிந்திருக்கிறார்கள். அவரைப் புரிந்துகொள்ள எந்தப் படங்களைப் பார்க்கச் சொல்லலாம்?

பட்டியல் நீளமாகக் கொடுத்தால் ஒன்றையும் பார்க்கமாட்டார்கள். ஆகவே சில படங்களை மட்டும் சொல்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் 1968-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவர் ஜில் ஜில் ரமாமணி என்னும் நாடகக்காரியாக வருகிறார். மாணவிகள் முதலில் சிரிக்கட்டும். இரண்டாம் முறை பார்க்கும்போது, அந்தச் சிரிப்பு எப்படி உண்டாகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். பத்மினி ஆடும் நாட்டியமும் சிவாஜி வாசிக்கும் நாகஸ்வரமும் உயர்ந்த கலை என்று ஊர் கைதட்டும் கதையில், கொட்டகை மேடையில் பிழைக்கும் ஒரு பெண் குறுக்கே வந்து நிற்கிறாள். அவளுடைய ஆட்டமும் பாட்டும் கேலிக்குரியவை. ஆனால் அவள் கேலிக்குரியவள் அல்லள். வாசிப்பைக் கேட்டு அவள் கண் கலங்கும்போது, கலையை மெய்யாக அறிந்தவர்களில் அவளும் ஒருத்தி என்பது விளங்கிவிடுகிறது. தன் பங்கைப் பெரிதாக்கிக் காட்டும் நடிகையையும், அதற்குள் பசித்திருக்கும் பெண்ணையும் ஒரே உடம்பில் காட்டுவது மிகக் கடினம். பத்தாண்டுக் காலம் திருவிழா மேடைகளில் நின்றவர் என்பதால் ரமாமணிகளை அவருக்குத் தெரிந்திருந்தது. நாடகச் சுற்று வீண்போகவில்லை என்று மேலே சொன்னது இதைத்தான்.

அதே ஆண்டில் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் அவர் சென்னைச் சேரித் தமிழில் பேசி, ‘வா வாத்யாரே’ என்ற பாட்டைத் தம் சொந்தக் குரலில் பாடினார். பள்ளத்தூரில் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையைப் பேசியதைக் கேட்டு மெட்ராஸ்காரர்களே கைதட்டினார்கள். பின்னாளில் ‘சின்னக் கவுண்ட’ரில் கொங்கு நாட்டுத் தாயாகவும் வந்தார். வட்டார வழக்கை நடிகர்கள் பலர் சொல்லை மட்டும் மாற்றிப் பேசுவார்கள். ஆச்சி மூச்சு விடும் இடத்தையே மாற்றுவார். வாக்கியம் எந்த ஊரில் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பது அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. ஒலிவாங்கி சரியாக வேலை செய்யாத மேடையில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசிப் பழகியவரின் பயிற்சி அது. மாணவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது 1986-இல் விசு எழுதி இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’. ஏவி.எம். தயாரித்த இந்தப் படத்துக்குச் சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இதில் அவர் வேலைக்காரி கண்ணம்மா. குடும்பத்தார் தமக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கண்ணம்மா சம்பந்தியிடம் வலியப் போய்ச் சண்டை பிடிக்கும் காட்சி இன்றும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் இந்த வீட்டுக்கு யார் உண்மையில் வேண்டியவர் என்ற கேள்வியைப் பட்டதாரிகளும் அலுவலர்களும் நிறைந்த அந்தக் கதையில் வேலைக்காரிதான் கேட்கிறாள். பிறர் வீட்டில் வேலை செய்த தாயின் மகள் நடித்த காட்சி என்று தெரிந்து பார்த்தால், அவர் இடுப்பில் சேலையைச் செருகிக்கொள்ளும் விதமே வேறாகத் தெரியும்.

‘புதிய பாதை’யில் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது, அது பெரிய வகுப்பு மாணவிகளுக்கு மட்டும் உரிய படம். சின்னப் பிள்ளைகளுக்கு 1988-இல் வந்த ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ போதும். அதில் பாட்டிதான் படத்தைத் தாங்குகிறார். பாட்டி நடிகை என்று உங்கள் மாணவிகள் சொன்னதும் குறையான பேச்சு அன்று என்பது அப்போது அவர்களுக்குப் புரியும்.

பள்ளத்தூர் வாசகர்: இளைஞர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் நினைவு நாள் நடத்த விரும்புகிறோம். பெரிய பிளெக்ஸ் பேனர், அன்னதானம், நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் அவர் பாடல்கள் என்று ஒரு சாராரும், சிலை வைக்கப் பணம் திரட்டலாம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். தங்கள் யோசனை என்ன?

சிலைக்குப் பணம் திரட்டுவதை முதலில் விட்டுவிடுங்கள். இடம், அனுமதி, வழக்கு என்று ஆண்டுகள் ஓடும். நிறுவிய சிலைக்கும் இடம் உறுதியில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில் 2006-இல் திறந்த சிவாஜி கணேசனின் சிலையையே 2017-இல் அகற்றி, அடையாற்று மணிமண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பேனரில் ஆச்சியின் படத்தைவிட வைப்பவர்களின் படங்கள்தாம் பெரிதாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. வைத்தே ஆக வேண்டுமென்றால் பேரூராட்சியில் அனுமதி பெற்று, போக்குவரத்தை மறைக்காத இடத்தில், அவர் முகம் மட்டும் இருக்கும்படி ஒன்று வையுங்கள். அன்னதானத்தைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. செட்டிநாட்டில் பந்தி பரிமாறுவதை வெளியூர்க்காரன் சொல்லித் தரவேண்டியதில்லை. நாள் முழுவதும் ஒலிபெருக்கி வேண்டாம். பாட்டை ரசிக்க வேண்டுமானால் நடுவில் கொஞ்சம் அமைதியும் வேண்டும். படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் ஊரில் இருக்கிறார்கள்.

மாலையில் ஒரு நிகழ்ச்சி வையுங்கள். பகல் வெயில் தணிந்ததும் ஊரின் மூத்த பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, மனோரமாவையோ அவர் தாயாரையோ அறிந்தவர்கள், அவர் நாடகத்தைப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் பேசச் சொல்லுங்கள். மேடைக்கு வரக் கூச்சப்பட்டால் அவர்கள் இருக்கும் இடத்துக்கே ஒலிவாங்கியைக் கொண்டுபோங்கள். உங்கள் ஊரிலேயே மகளிர் கல்லூரி இருக்கிறது. பதிவு செய்து எழுதும் வேலையைத் தமிழ்த் துறை மாணவிகள் ஏற்றுக்கொண்டால் அடுத்த ஆண்டு ஒரு சிறு நூலே வந்துவிடும். அரசியல் பிரமுகர்களை அழைக்காதீர்கள்; ஒருவரை அழைத்தால் மற்றவர் கோபிப்பார், இருவரையும் அழைத்தால் ஆச்சியைப் பற்றிப் பேச நேரமிருக்காது. படம் திரையிடுவதானால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பார்க்க வாங்கிய குறுந்தகட்டைப் பொது இடத்தில் போடக் கூடாது.

அதற்குப் பிறகு, செலவில் பெரும்பகுதியை ஒதுக்கி ஒரு நாடகம் வையுங்கள் என்பதே என் முதன்மையான யோசனை. புதுக்கோட்டையிலும் மதுரையிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. வள்ளி திருமணம் போன்ற ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைத்துவரலாம். ஒத்திகை கிடையாது, மேடையில் சந்தித்துத்தான் நடிப்பார்கள். மனோரமாவின் மறுமொழி வேகம் அந்த உலகத்தில் பழகியது என்பதை உங்கள் இளைஞர்கள் கண்ணால் காணலாம். வழக்கமாக விடிய விடிய நடப்பதை, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், ஆறரை மணிக்குத் தொடங்கிச் சுருக்கி நடத்தித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நடிகைகள் உடை மாற்ற மறைவான இடமும், குடிதண்ணீரும், கழிப்பறையும் மேடைக்கு அருகிலேயே இருக்கட்டும்; இதைப் பெரும்பாலான விழாக் குழுக்கள் கடைசி நேரத்தில்தான் நினைத்துப் பார்க்கின்றன. பேசிய சம்பளத்தை அவர்கள் வேன் ஏறுவதற்கு முன்பே, பிடித்தம் இல்லாமல், அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.